நீளச் சொற்களும் ஒரு வாய் தண்ணீரும்

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க இப்போது டாப்லெட் கணினி வந்துவிட்டதாம். நோயாளி தமிழில் கதைத்தால் அது பிரெஞ்சில் சொல்லும். மருத்துவர் பிரெஞ்சில் கேட்டால் அது தமிழில் கேட்கும். மொழிபெயர்ப்பாளர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த நிலானிதான் இதைச் சொன்னாள். பாரிசில் எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நின்ற என்னைப் பிடித்திழுத்து, ரூ பஜோல் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தேநீர்க்கடையில் உட்காரவைத்தாள். அவள் முகம் தொங்கிப்போய் இருந்தது.

"அக்கா, இனி எங்களை ஆர் கூப்பிடப் போகினம்?" என்றாள்.

அதே வசதி அவளுடைய போனிலும் இருந்தது. வாங்கிப் பரீட்சித்துப் பார்த்தேன். தமிழையும் பிரெஞ்சையும் அது சமாளித்துவிட்டதால், எனக்குத் தெரிந்த மூன்றாவது மொழியை எடுத்து, "ஆர்பைட்ஸ்லோஸ்ஹெட்ஸ்உனர்ஸ்டோட்டெல்ஸ" என்றேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நிலானி அது சொல்லா வசனமா என்று கேட்டாள். ஒரே சொல்தான். டேனிஷ் மொழியில், வேலை இல்லாதவருக்குக் கிடைக்கும் உதவிப்பணம். நான் வாயை மூடுவதற்குள் போன் அதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டது.

நான் கவலைப்படுவேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கே நோகிறது, எப்போதிருந்து நோகிறது, வயிற்றால் போகிறதா என்று வாழ்நாளில் பாதியைக் கேட்டே கழித்துவிட்டேன். அதை இனி யாராவது கேட்கட்டும். இயந்திரமே கேட்டாலும் சரி. ஆனால் அதற்கு ஒரு விஷயம் தெரியாது. அது என்னவென்று நிலானியிடம் சொல்லத் தொடங்கியதில் தேநீர் ஆறிப்போனது. எழுதித் தாங்கோ என்றாள். எழுதுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. மன்னார்க்காரி. பிறவியிலேயே வாயாடி. மற்றவர்கள் சொல்ல வரும் வசனத்தை நானே முடித்துவைப்பேன். கோயிலில் பாதிரியாரின் பிரசங்கத்தைக்கூட அப்படி முடித்துவைத்ததற்காக அம்மா தொடையில் கிள்ளியிருக்கிறார். அப்படிப்பட்ட எனக்குக் கடைசியில் வாய்த்தது வாயை மூடிக்கொண்டிருக்கும் உத்தியோகம்.

கலியாணம் முடித்த கையோடு அகதியாக டென்மார்க்குக்குப் போனோம். மொழிப் பள்ளிக்கூடம், முதியோர் இல்லத்தில் வேலை, பிறகு வாதம் வந்து பேச்சுப் போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்தில் உதவியாள் வேலை. அதற்குப் பிறகுதான், கணவரின் தமையன் லா சப்பலில் கடை போட்டதால், பாரிசுக்கு வந்து பொண்டி என்ற புறநகரில் குடியேறினோம். பிரெஞ்சை மறுபடி அரிச்சுவடியிலிருந்து படித்தேன். இவ்வளவுதான் என் படிப்பு.

ஆனால் டேனிஷ் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் கதைக்கு அவைதான் கால். டேனிஷ்காரர் இரண்டு பொருளைச் சேர்த்துச் சொல்ல வேண்டி வந்தால் நடுவில் இடமே விடமாட்டார்கள். சொல்லோடு சொல்லை ஒட்டிவிடுவார்கள். மூன்றாவது வந்தால் அதையும் ஒட்டுவார்கள். முதல் வாரம் வகுப்பில் உதவிப்பணத்துக்கான அந்தச் சொல்லைப் பலகையில் பார்த்தபோது, இது என்ன ரயிலா என்று கணவர் கேட்டார். ரீச்சர் சிரிக்கவில்லை. எல்லோரையும் மேசையில் தட்டச் சொன்னார். ஆர், பைட்ஸ், லோஸ், ஹெட்ஸ், உ, னர், ஸ்டோட், டெல், ஸ. ஒன்பது அசை, ஒன்பது தட்டு. முதல் தட்டு பலமாக விழ வேண்டும். மற்றவை மெல்ல அதன் பின்னால் போகும். தட்டிக்கொண்டே சொன்னால் எவ்வளவு நீளமான சொல்லும் வாய்க்குள் அடங்கிவிடும் என்பதை அன்றைக்குக் கண்டேன்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம், நீளச் சொல்லைக் கண்டால் வாலைப் பார் என்பது. தலையில் எது இருந்தாலும் சரி, அந்தப் பொருள் என்னவென்று சொல்வது கடைசித் துண்டுதான். இதை என் கணவருக்கு நான்தான் விளங்கப்படுத்தினேன். பனங்கிழங்கு எவ்வளவு நீளமாக இருந்தாலும் கிழங்குதானே, பனை இல்லையே. பனையும் கிழங்கும் சேரும்போது நடுவில் ஒரு ங் வந்து ஒட்டிக்கொள்கிறது அல்லவா, அதேபோல அவர்களுக்கு நடுவில் ஒரு ஸ் வரும், அல்லது ஒரு சின்ன அகரம் வரும். அதற்குப் பிறகு எனக்கு அந்த மொழி மேல் பயம் போய்விட்டது. வேடிக்கைக்காக ஒரு முழ நீளச் சொற்களைச் செய்து காட்டுகிறவர்கள் உண்டு. அதையெல்லாம் யாரும் வீட்டில் சொல்வதில்லை. கோப்பிக்கான இடைவேளை, வீட்டுக்குள் போடும் செருப்பு, பூச்சட்டி, இப்படிச் சாதாரணச் சொற்கள்தான் நாள் முழுக்க வாயில் புழங்கும்.

பாரிசில் நான் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த பிரிவு, பேச்சுச் சிகிச்சைப் பிரிவு. அதன் பொறுப்பாளர் மதாம் ரூசெல். ஒல்லியாக, உயரமாக, வெயில் காலத்திலும் கழுத்தில் ஒரு துணியோடு இருப்பார். வணக்கம் சொல்வதற்குக்கூட அளந்துதான் வாயைத் திறப்பார். நோயாளி நன்றாகச் செய்தாலும் கைதட்டமாட்டார், பாராட்டமாட்டார். அடுத்த கேள்வியைக் கேட்பார், அவ்வளவுதான். அந்த அடுத்த கேள்விதான் பாராட்டு என்பது எனக்குப் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்தது.

அவருக்கு ஒரு முறை இருந்தது. கேள்வி கேட்டதும் கையில் இருக்கும் பென்சிலை மேசையில் படுக்க வைப்பார். பென்சில் படுத்திருக்கும்வரை அறையில் நோயாளியைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் பென்சிலைத் தூக்கினால்தான் மற்றவர்கள் பேசலாம். முதல் நாள் எனக்கு இது தெரியாது. ஒரு வயதான அம்மாவிடம் உங்கள் பெயர் என்ன என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்த அம்மா உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பெயர்தான் கோப்பில் இருக்கிறதே என்று நானே சொல்லிவிட்டேன்.

மதாம் ரூசெல் என்னைத் திட்டவில்லை. காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். வாயில் எடுங்கள், விழுங்க வேண்டாம் என்றார். பென்சில் எழும்பும்வரை அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வாயில் இருந்தால் யாராலும் உதவி செய்ய முடியாது. கேள்வியை மொழிபெயர்த்துவிட்டு ஒரு வாய் எடுப்பேன், பதில் வந்த பிறகு விழுங்கிவிட்டு அதை மொழிபெயர்ப்பேன். எனக்காக மட்டும் கண்டுபிடித்த தண்டனை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கூட வரும் சொந்தக்காரர் எல்லோருக்கும் அவர் அப்படித்தான் கொடுப்பார் என்று.

எங்கள் சனத்துக்கு அந்தத் தண்ணீர் கட்டாயம் தேவைப்பட்டது. பெரியவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்பது எங்களுக்கு மரியாதை. அவர் ஒரு சொல்லுக்காகத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவமரியாதை. ஆகவே கணவருக்கு மனைவி பதில் சொல்வார், தாய்க்கு மகன் சொல்வான். ஒரு தடவை எங்கள் மன்னார் ஆள் ஒருவருக்குச் சீப்பின் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டோம். தண்ணீரை வாயில் வைத்திருந்த மனைவி, கணவருக்கு நேரே உட்கார்ந்துகொண்டு தன் கொண்டையை அவிழ்த்துத் தலையைச் சீவிக் காட்டத் தொடங்கிவிட்டார். மதாம் ரூசெல் எழுந்து போய், அந்தப் பெண்ணின் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அமைதி அவர்களுக்கு நோகிறது, அதற்குத்தான் தண்ணீர் கொடுக்கிறேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் நொந்துகொண்டிருந்தது.

இனி செல்வரத்தினம் ஐயாவின் கதை.

யாழ்ப்பாணத்துக்காரர். டென்மார்க்கில் ஃபூன் தீவில், சட்டிகளில் பூஞ்செடி வளர்த்து விற்கும் ஒரு பெரிய பண்ணையில் கண்ணாடி வீட்டுக்குள் காலமெல்லாம் வேலை செய்தவர். மனைவி அங்கேயே ஆண்டுக்கணக்காகப் படுக்கையில் கிடந்து இறந்த பிறகு, பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்த மகள் தர்சினி அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். வந்து அதிக காலம் ஆகவில்லை, வாதம் அடித்துவிட்டது. வலது கையும் காலும் சோர்ந்தன. பேச்சு முழுவதும் போயிற்று. எஞ்சியது, ஆமாம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்கிற ஒரே ஒரு சொல். ஓம்.

அந்த ஓம்தான் பெரிய சிக்கலாகிவிட்டது. எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து அதுதான் வழுக்கி விழும். பெயர் செல்வரத்தினமா என்றாலும் ஓம், பெயர் கந்தசாமியா என்றாலும் ஓம். சொல்லும்போது தலையையும் மரியாதையாக ஆட்டுவார். பார்க்கிறவருக்கு அது சம்மதம் மாதிரியே இருக்கும். நான் இவருக்கு மொழிபெயர்க்க வருவதற்கு முன்பே, தொலைவில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகச் சம்மதமா என்று வார்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஓம். நான் வேலையை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக்கொள்ளட்டா அப்பா என்று தர்சினி கேட்டிருக்கிறாள். அதற்கும் ஓம். மருத்துவரின் கோப்பில் இரண்டு சம்மதமும் இருந்தன.

தர்சினி டென்மார்க்கில் வளர்ந்தவள். பல் மருத்துவருக்கு உதவியாளாக இருப்பதற்கு அங்கே படித்துச் சான்றிதழ் எடுத்திருந்தாள். கலியாணம் முடித்துப் பாரிசுக்கு வந்தபோது இங்கே அதை ஒருவரும் மதிக்கவில்லை. துப்புரவு வேலை, கடை வேலை என்று அலைந்து, மொழி படித்து, மறுபடி பரீட்சை எழுதி, அப்போதுதான் லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவமனையில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. அதைத்தான் விடப்போவதாகச் சொன்னாள். கணவருக்கு ரெஸ்ரோறண்ட் சமையலறையில் வேலை. பகலில் வீட்டில் இருக்கமாட்டார். உதவிக்கு ஒரு பணிப்பெண்ணை அரசே ஏற்பாடு செய்யும் என்று சமூக சேவகி சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"வெளியாள் வந்து அப்பாவைக் குளிப்பாட்டிறதோ அக்கா? நான் உயிரோடை இருக்கேக்கை?" என்று நடைபாதையில் என்னிடம் கேட்டாள். அவளுக்கு நித்திரை இல்லை என்பது கண்ணில் தெரிந்தது.

முடிவு எடுப்பதற்கு ஒரு கூட்டம் வைப்பதென்று மருத்துவர் நாள் குறித்தார். அதற்குள் ஐயாவின் விருப்பத்தை அவர் வாயாலேயே எடுக்க முடியுமா என்று மதாம் ரூசெலைக் கேட்டார். முடியும் என்றும் அவர் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

முதல் சில வாரம் ஒன்றும் நகரவில்லை. கரண்டி, கதிரை, நாய் என்று ஒவ்வொரு படமாகக் காட்டுவோம். பென்சில் படுத்திருக்கும். தர்சினியும் நானும் தண்ணீரோடு உட்கார்ந்திருப்போம். அவர் படத்தைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், கண் கலங்கும், ஓம் என்பார். சின்னச் சொற்கள்தானே, ஏன் வரவில்லை என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

ஒரு நாள் அவருடைய சக்கர நாற்காலியைச் சன்னலோரமாக நிறுத்த வேண்டி வந்தது. அங்கே மதாம் ரூசெலின் பூச்சட்டி ஒன்று இருந்தது. நாங்கள் எல்லோரும் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டோமே தவிர அதற்கு ஊற்ற மறந்துவிட்டோம். செடி முக்கால்வாசி செத்திருந்தது. ஐயா இடது கையை நீட்டி, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். மதாம் ரூசெலை ஒரு பார்வை பார்த்தார். மேற்பார்வை செய்கிறவர் புது வேலையாளைப் பார்க்கிற பார்வை. பிறகு தெளிவாக, ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார்.

"பொட்டபிளான்டகார்ட்னரி."

தர்சினி வாயிலிருந்த தண்ணீரை மடியில் துப்பிவிட்டாள். எனக்குப் புரையேறியது. சட்டிச்செடிப் பண்ணை என்று பொருள். ஏழு அசை. நாய் என்று சொல்ல முடியாத மனிதரின் வாயிலிருந்து ஏழு அசையும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அவருடைய இடது கை சட்டியின் விளிம்பில் அதே கணக்கில் தட்டிக்கொண்டும் இருந்தது.

நான் மதாம் ரூசெலுக்கு விளக்கினேன். சட்டி, செடி, பண்ணை, மூன்றும் ஒட்டிய ஒரே சொல் என்றேன். எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டார். மேசையில் தட்டிக் காட்டினேன். முதல் தட்டு ஏன் பலமாக விழுகிறது என்று கேட்டார். அந்த மொழி அப்படித்தான் என்றேன். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய நீளச் சொல்லைத் தாளம் தூக்கிக்கொண்டு வருகிறது, தனியாக நிற்கிற சின்னச் சொல்லுக்குத் தூக்க யாரும் இல்லை, ஆகவே நீளத்திலிருந்து தொடங்கிச் சின்னதற்கு இறங்குவோம் என்றார். அது அவருடைய யோசனை, என்னுடையது இல்லை. எனக்குச் சொல்லின் மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும். அங்கே என்ன செய்யலாம் என்பது அவருக்குத் தெரிந்தது.

அடுத்த நாளிலிருந்து இப்படி நடந்தது. ஐயாவின் இடது கையை என் கை பிடித்துக்கொள்ளும். இருவரும் மேசையில் தட்டிக்கொண்டு முழுச் சொல்லையும் சேர்ந்து சொல்வோம். பத்துத் தடவை சேர்ந்து. பிறகு கடைசித் துண்டுக்கு முன்னால் உள்ள மூட்டில் நான் நின்றுவிடுவேன், அவர் தனியாகப் போய் முடிப்பார். பிறகு முதல் மூட்டிலேயே நின்றுவிடுவேன். பிறகு வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் வைத்துக்கொண்டு அதில் வேறு வாலைக் கோப்போம். கோப்பி என்ற தலையில் இடைவேளையைக் கோத்தோம், கோப்பையைக் கோத்தோம், மெசினைக் கோத்தோம். ஒவ்வொரு நாளும் தர்சினி அவர் பழகிய பொருள் ஒன்றைக் கொண்டுவருவாள். ஒரு நாள் வீட்டுச்செருப்பு வந்தது. "யெம்மஸ்கோ." வீடு, செருப்பு. அவர் பண்ணையில் பார்த்த உத்தியோகத்தின் பெயரையும் எடுத்தோம். "மெத்யெல்பர்." கூட நின்று உதவுகிறவர் என்று பொருள். அதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்துவார்.

தர்சினிக்கும் டேனிஷ் தெரியும் என்பதால் அவளுக்குத்தான் பெரிய சோதனை. தகப்பன் மூட்டில் நின்று தடுமாறும்போது அடுத்த துண்டு அவள் வாய்க்குள் தண்ணீரோடு தண்ணீராக நிற்கும். கன்னம் உப்பி, கண் பிதுங்கி இருப்பாள். ஒரு நாள் அவள் அழுதாள், தண்ணீரைத் துப்பாமலே அழுதாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் என் வாயிலும் தண்ணீர்.

டேனிஷிலிருந்து தமிழுக்குத் தாண்டியது ஒரு பின்னேரம். எங்கள் தமிழிலும் அதே மாதிரி மூட்டு இருக்கிறதே என்று மதாம் ரூசெலிடம் சொல்லியிருந்தேன். யாழ்ப்பாணத்தார் தேநீரைத் தேத்தண்ணி என்பார்கள். தேயிலையும் தண்ணியும். கையைப் பிடித்துத் தட்டினோம். தேத், தண், ணி. முதல் மூட்டில் நான் நின்றேன். அவர் போனார். பிறகு நான் தொடங்கவே இல்லை, பென்சில் படுத்திருந்தது, மேசையில் ஒரு கோப்பை மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து அவர் கை தானாகத் தட்டியது.

"தேத்தண்ணி," என்றார்.

மதாம் ரூசெல் பாராட்டவில்லை. கோப்பையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, சீனி வேண்டுமா என்று கேட்கச் சொன்னார். அதற்கு அவர் ஓம் என்றார். வேண்டாமா என்று மாற்றிக் கேட்கச் சொன்னார். அதற்கும் ஓம். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூட்டத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

கூட்டத்தன்று மருத்துவர், சமூக சேவகி, மதாம் ரூசெல், நான், தர்சினி, ஐயா. பெரிய மேசை. ஐயா சவரம் செய்து, கோட்டுப் போட்டு, வீட்டுச்செருப்போடு வந்திருந்தார். மருத்துவர் அவசரக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். இரண்டு வழியையும் சொன்னார். ஒன்று முதியோர் இல்லம். மற்றது மகள் வீட்டில் இருந்து பார்ப்பது, மகள் அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வெளியாள் உதவியைக் குடும்பம் மறுத்துவிட்டது என்பதையும் சொன்னார். மதாம் ரூசெல் காகிதக் கோப்பைகளை எடுத்து வைத்தார். இது என்ன என்று மருத்துவர் கேட்டார். உங்களுக்கும் ஒன்று வேண்டுமா என்று மதாம் கேட்டார். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

நான் கேள்வியைத் தமிழில் கேட்டேன். ஐயா, நீங்கள் எப்படி இருக்க விரும்புகிறீர்கள்? ஓம் என்றோ இல்லை என்றோ பதில் வரக்கூடிய கேள்வி அல்ல அது. மதாம் ரூசெல் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். பென்சில் படுத்தது. நானும் தர்சினியும் தண்ணீரை வாயில் எடுத்தோம்.

அவர் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். கீழே குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். மருத்துவரின் கால் மேசைக்கடியில் ஆடத் தொடங்கியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மாதாவே மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது மேசையில் தட்டும் சத்தம் கேட்டது. முதல் தட்டு பலமாக விழுந்தது. அதன் பின்னால் மூன்று மெல்லிய தட்டு.

"யெம்ம... யெல்பர்."

இந்தச் சொல்லை நாங்கள் பயிற்சியில் எடுத்ததே இல்லை. செருப்பிலிருந்து தலையை எடுத்திருக்கிறார், தன் உத்தியோகத்திலிருந்து வாலை எடுத்திருக்கிறார், தானே கோத்துவிட்டார். வீட்டுக்கு வந்து உதவுகிறவர். டென்மார்க்கில் அவருடைய மனைவி படுக்கையில் கிடந்த காலமெல்லாம் வீட்டுக்கு வந்து பார்த்தது அப்படி ஒருத்திதான். அவள் கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான் அவர் ஒவ்வொரு நாளும் பண்ணைக்குப் போயிருக்கிறார். தர்சினி பள்ளிக்கூடம் போனதும் அப்படித்தான்.

தர்சினிக்கு நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. நான் விழுங்கிவிட்டு மருத்துவருக்குப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் ஒரு சொல்லை வைத்து முடிவெடுக்க முடியாது, எதிர்க்கேள்வியும் கேட்டாக வேண்டும், அதுதான் முறை என்றார். எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். அதற்கு ஐயா ஓம் என்று தலையாட்டினால் எல்லாம் பழையபடி கோப்புக்குள் போய்விடும், தர்சினியின் வேலையும் போய்விடும்.

மருத்துவர் கேட்டார். நான் ஐயாவின் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டேன்.

"ஐயா, தர்சினி வேலையை விட்டிட்டு வீட்டிலை நிக்கட்டோ?"

பென்சில் படுத்தது. நான் மறுபடி தண்ணீரை எடுத்தேன். அவருடைய உதடு வட்டமாகக் குவிந்தது. ஓ என்ற சத்தம் தொடங்கியதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். தர்சினி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் இடது கையைத் தூக்கி, தன் வாயையே பொத்தினார். அந்த ஓமை உள்ளேயே பிடித்து நிறுத்தினார். கை மெல்ல இறங்கி மேசைக்கு வந்தது. ஒரு தட்டு.

"போ," என்றார். மகளைப் பார்த்து இன்னொரு தட்டு. "வேலை. போ, பிள்ளை."

தர்சினி வாயிலிருந்த தண்ணீரை விழுங்கினாள். விழுங்கிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"ஓம் அப்பா," என்றாள். "போறன்."

பென்சில் இன்னும் படுத்துத்தான் கிடந்தது, ஆனாலும் மதாம் ரூசெல் அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்பதற்காக மருத்துவர் என் பக்கம் திரும்பினார். நான் உப்பியிருந்த என் கன்னத்தைக் காட்டினேன். மதாம் ரூசெலுக்குத் தமிழில் ஓமையும் தேத்தண்ணியையும் தவிர ஒரு சொல்லும் தெரியாது. அவர் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, தேவையில்லை, விளங்கிவிட்டது என்றார்.

நான் அப்போதுதான் விழுங்கினேன்.